ஆள் இல்லாத நேரத்தில் நடக்கும் சமையல்

மாலை ஆறரைக்கு வேலை முடிந்து, பஸ்ஸோ மின்சார ரயிலோ பிடித்து, ஏழரைக்கு வீட்டுக்குள் கால் வைக்கும் ஒருவருக்கு ராத்திரிச் சாப்பாடு செய்யக் கிடைப்பது மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம். பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். மறுநாள் பள்ளி வேறு. அந்த முக்கால் மணி நேரத்தில் ஊறாத கொண்டைக்கடலை வேகாது, அரைக்காத மாவு பொங்காது. ஆனாலும் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் எட்டேகாலுக்கு இட்லியோ, தோசையோ, ரசம் சாதமோ தட்டுக்கு வந்துவிடுகிறது.

கை வேகம் இதற்குச் சின்னக் காரணம்தான். ஒரு சாப்பாடு தயாராக ஆகும் மொத்த நேரம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. உளுந்து ஊற நான்கு மணி நேரம், மாவு புளிக்க ஒரு ராத்திரி, கடலை ஊற எட்டு மணி நேரம் என்று அது நீண்டுகொண்டேதான் போகிறது. ஆனால் அந்த நேரத்தில் பெரும்பகுதிக்கு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. நாம் தூங்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும் தண்ணீர், நுண்ணுயிர், நீராவி, குளிர் ஆகிய நான்கும் சமையலைப் பார்த்துக்கொள்கின்றன. எந்த வேலையை எதனிடம் விடலாம், எதை விடவே கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் வாரநாள் சமையலின் சூட்சுமம்.

ஒரு மாவு, நான்கு ராத்திரி

ஞாயிற்றுக்கிழமை அரைக்கும் மாவிலிருந்தே தொடங்கலாம். இட்லி மாவு பொங்குவதற்கு ரொட்டி மாவைப் போல ஈஸ்ட் போட வேண்டியதில்லை. 1965இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இட்லி மாவை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், மாவைப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று காட்டினார்கள். இது லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் சேர்த்தே உண்டாக்கும். வாயு மாவை உப்பவைக்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. இந்த பாக்டீரியாவை நாம் எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம். உளுந்திலும் அரிசியிலும் அது ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஊறவைக்கும்போதே பெருகத் தொடங்கிவிடுகிறது.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது வெளியேறாமல் மாவுக்குள்ளேயே நிற்கவும் வேண்டும். அந்த வேலை உளுந்துடையது. உளுந்தில் உள்ள குளோபுலின் புரதமும், அராபினோகேலக்டன் என்ற வழவழப்பான சர்க்கரைத் தொடரும் சேர்ந்து வாயுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய சுவர் எழுப்புகின்றன. கிரைண்டரில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து உளுந்தைப் பந்து போல அரைத்தெடுப்பதும், ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்ப்பதும் இந்தச் சுவரைப் பலப்படுத்தத்தான். கல் கிரைண்டரில் மாவு அதிகம் சூடேறாமல் அரைபடுகிறது; புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டர் இத்தனை வீடுகளில் இடம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு தயாராகிவிடும். சென்னையின் மே மாதத்தில் அதற்கு முன்பே பாத்திரத்தை விட்டு வழியும். ஊட்டியின் டிசம்பரில் மறுநாள் மதியம் வரை அசையாது. பொங்கிய மாவின் மூடியைத் திறந்து ஓரமாகக் கரண்டியை விட்டு மெல்ல விலக்கினால், உள்ளே சின்னச் சின்னக் கண்களாகக் குமிழிகள் தெரியும். வாசனை லேசாகப் புளித்திருக்கும், மூக்கில் ஏறாது. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய நேரம் இதுதான். குளிர் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. அதன் வேகத்தைத்தான் வெகுவாகக் குறைக்கிறது. புளிப்பு நாளுக்கு நாள் மெதுவாக ஏறிக்கொண்டேயிருக்கும். குமிழிகள் மெதுவாகக் குறையும்.

ஒரே மாவில் வாரத்தைக் கடத்தும் நம் வீட்டு வழக்கம் இந்த மாற்றத்தை அப்படியே பின்பற்றுகிறது. வாயு நிறைந்திருக்கும் முதல் நாள் இட்லி. வாயு குறைந்து மாவு சற்றுப் படிந்த பின் தோசை. அதற்குக் குமிழியைவிட மெல்லியதாகப் பரவும் தன்மைதான் முக்கியம். புளித்தலின்போது விடுபட்ட சர்க்கரையும் அமினோ அமிலமும் சூடான கல்லில் வினைபுரிவதால் தோசை பொன்னிறமாகிறது. புளிப்பு தூக்கலான நாளில் வெங்காயம், பச்சை மிளகாய், கேரட் துருவல் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ ஊற்றலாம். காயின் இனிப்பு புளிப்பை அடக்கிவிடும்.

ஒரு சின்ன யோசனை. மொத்த மாவையும் வெளியே எடுத்து வைத்து, மிச்சத்தை மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் புளிப்பு ஒரு தாவு தாவும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் கடைசி நாள் வரை மாவு கைகொடுக்கும்.

பருப்பு ஏன் வேகவில்லை?

அவசரமான நாளாகப் பார்த்துத்தான் பருப்பு சதி செய்யும். ஐந்து விசில் விட்டுத் திறந்தால் தண்ணீர் தனியாக, பருப்பு முத்து முத்தாகத் தனியாக நிற்கும். இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்.

முதலாவது தண்ணீர். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு குழையும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால், அதில் உள்ள கால்சியம் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. ‘போர் தண்ணியில பருப்பு வேகாது’ என்று வீடுகளில் சொல்வது வேதியியல்படி முழு உண்மை. குளிக்க, துவைக்க எந்தத் தண்ணீரானாலும், பருப்புக்குக் குடிதண்ணீரையே ஊற்றுங்கள்.

இரண்டாவது புளி. அமிலம் பெக்டினைக் கரையவிடாது. சாம்பாருக்குப் பருப்பைத் தனியாக வேகவைத்து, காயும் முக்கால் பதம் வெந்த பிறகு புளியைக் கரைத்து ஊற்றும் வரிசை இதனால் வந்ததுதான். நேரமில்லை என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் புளியையும் ஊற்றிக் குக்கரை மூடினால், மிச்சப்படுத்திய ஐந்து நிமிடத்துக்குப் பதினைந்து நிமிடம் அபராதம் கட்ட வேண்டிவரும்.

மூன்றாவது வயது. அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பயறும் கடலையும் உள்ளுக்குள் இறுகிவிடும். அதை எவ்வளவு ஊறவைத்தாலும் புதுக் கடலை போல மசியாது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பெக்டின் சீக்கிரம் கரையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரத்தன்மை தயமின் என்ற பி1 வைட்டமினை அழித்துவிடும். எட்டு மணி நேரம் ஊறவைப்பதற்கு மாற்றாக சோடாவை நம்ப வேண்டாம்.

ஊறுவதில் இன்னொரு லாபமும் உண்டு. காலையில் கிளம்பும் முன் ஒரு பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன கொண்டைக்கடலை, மாலைக்குள் ஏறத்தாழ தன் எடை அளவுக்குத் தண்ணீரைக் குடித்திருக்கும். வாயுத் தொல்லைக்குக் காரணமான ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரில் இறங்கியிருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கலாம். கோடையில் மட்டும் கடலை ஊறும் பாத்திரத்தை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போவது நல்லது. இல்லாவிட்டால் மாலையில் நுரைத்துப்போய் நாற்றமெடுத்திருக்கும்.

விசிலை எண்ணாதீர்கள்

பிரெஞ்சு அறிவியலாளர் டெனி பாபென் 1679இல் லண்டனில் ஒரு கனமான இரும்புப் பாத்திரத்தை உருவாக்கினார். இறுக மூடிய அந்தப் பாத்திரத்தில் நீராவியின் அழுத்தத்தால் எலும்பும் மென்மையாகிவிடும். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்கப் பாதுகாப்பு வால்வு ஒன்றையும் அவரே பொருத்தினார். நம் குக்கரின் மூதாதை அதுதான்.

திறந்த பாத்திரத்தில் எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ, கூடுதல் ஆவியாகத்தான் போகும். வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல இன்னொரு மடங்கு அழுத்தம் குக்கருக்குள் சேர்ந்தால், தண்ணீர் கொதிப்பது சுமார் 120 டிகிரியில். பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டியது கால் மணி நேரத்தில் முடிவதன் ரகசியம் இவ்வளவுதான். ஊட்டி போன்ற உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பது பெரும்பாடு. குக்கரை மூடினால் அதே ஊட்டியில் 116 டிகிரி வரை போகலாம்.

விசில் அடிப்பது, உள்ளே தேவையான அழுத்தம் வந்துவிட்டது என்பதற்கு அறிகுறி. அதற்குமேல் தீயைக் கூட்டி வைத்தால் உள்ளே சூடு ஏறாது. அதிகப்படி ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும், கேஸும் கூடவே போகும். பெரிய தீயில் மூன்று விசில் இரண்டே நிமிடத்தில் வந்துவிடும். சின்னத் தீயில் பத்து நிமிடம் ஆகலாம். அதனால் விசில் எண்ணிக்கை நேரத்துக்கு அளவாகாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். துவரம்பருப்பு அரை மணி ஊறியிருந்தால் ஏழெட்டு நிமிடம் போதும். அடுப்பை அணைத்த பிறகும் அழுத்தம் தானாக இறங்கும் வரை உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். அந்தப் பத்து நிமிடச் சமையல் செலவில்லாதது. பருப்பு பொங்கி வெயிட் துளையை அடைக்காமலிருக்க ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடும் வழக்கத்துக்கும் காரணம் இருக்கிறது: எண்ணெய் நுரையை உடைக்கும்.

காய் நறுக்குவதிலும் இதுபோல ஒரு கணக்கு உண்டு. சூடு ஒரு துண்டின் நடுவுக்குப் போய்ச் சேர ஆகும் நேரம், தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. நான்கு சென்டிமீட்டர் உருளைக்கிழங்குத் துண்டை இரண்டு சென்டிமீட்டராக்கினால் வேகும் நேரம் பாதியாகக் குறையும் என்று தோன்றும். உண்மையில் ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். முழுதாக வேகவைத்துத் தோலுரிப்பதைவிடப் பொடியாக நறுக்கி வதக்குவது வாரநாளுக்கு ஏற்றது.

காலையில் வடித்த சோறு

இதுவரை சொன்ன நான்கு கூலியில்லா ஆட்களும் நமக்கு உதவுபவர்கள். ஆனால் நாம் இல்லாத நேரத்தில் வேறு சிலரும் வேலை பார்ப்பார்கள். காலை ஏழு மணிக்கு வடித்த சோற்றை ராத்திரி எட்டுக்குச் சூடாக்கிச் சாப்பிடும் வீடுகளில் கவனம் வேண்டியது இங்கேதான்.

பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணிலிருந்து அரிசியோடு வீட்டுக்கு வருகிறது. கொதிக்கும்போது பாக்டீரியா சாகும். அதன் வித்துகள் சாவதில்லை. சோறு மிதமான சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகி, சீரியுலைடு என்ற நச்சை உண்டாக்கும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட பலருக்கு வாந்தி ஏற்பட்டபோதுதான் இந்தத் தொடர்பு தெளிவானது. முதலிலேயே வடித்து வெளியில் வைத்த சோற்றைத்தான் அங்கே பொரித்துக் கொடுத்திருந்தார்கள். இந்த நச்சுக்குச் சூடு ஒரு பொருட்டில்லை. எவ்வளவு சுடவைத்தாலும் அழியாது. ‘நன்றாகச் சுடவைத்தேனே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

சாதகமான சூட்டில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்த வேகத்தில் ஒன்று ஏழு மணி நேரத்தில் சுமார் 20 லட்சமாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை எளிமையானது: சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்; ஃப்ரிட்ஜில் ஐந்து டிகிரிக்குக் கீழே வையுங்கள்; திரும்பச் சூடாக்கும்போது உணவு முழுவதும் 70 டிகிரியைத் தொடட்டும்.

பெரிய பாத்திரத்தில் குவிந்திருக்கும் சோற்றின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். தட்டையான பாத்திரத்தில் பரப்பினால் வேகமாக ஆறும். உருளைக்கிழங்குக்குச் சொன்ன அந்த இருமடிக் கணக்கு ஆறுவதற்கும் பொருந்தும். பரப்பி ஆறவைத்து, சின்ன டப்பாக்களில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால், எலுமிச்சைச் சாதத்துக்கும் தக்காளிச் சாதத்துக்கும் அது மிகப் பொருத்தம். குளிரில் ஸ்டார்ச் மூலக்கூறுகள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் சோறு விறைத்து, பருக்கை பருக்கையாக உதிரும். தண்ணீர் தெளித்து ஆவியில் சுடவைத்தால் மறுபடி இளகிவிடும்.

‘அப்படியானால் பழைய சோறு?’ என்று கேட்கலாம். அது வேறு கணக்கு. சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்கவைக்கின்றன; அமிலம் ஏற ஏற மற்றப் பல கிருமிகளுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. தண்ணீர் ஊற்றாமல் அடுப்படியில் மூடிவைத்த சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மீந்த குழம்புகளை ஒன்றாக்கிக் கொதிக்கவைத்துச் சுண்டக்குழம்பு வைத்த பாட்டிமார்களுக்குப் பாக்டீரியாவின் பெயர் தெரிந்திருக்காது. ஆனாலும் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து, தண்ணீரை வற்றவைத்து, புளியையும் உப்பையும் கூட்டிய அந்த முறை கிருமிகள் வளரத் தேவையானவற்றை ஒவ்வொன்றாகப் பறித்தது. வெறும் தேங்காய்ச் சட்னிக்கு இந்த மூன்று காவலும் இல்லை. அது செய்த வேளையோடு தீர வேண்டியது.

பொடியும் தாளிப்பும்

கிருமி வளர ஈரம் வேண்டும். உணவில் நுண்ணுயிர் பயன்படுத்தக்கூடிய ஈரத்தை நீர்ச்செயல்பாடு என்று அளக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. அந்த அளவு 0.6க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரும் வளராது. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, வற்றல், அப்பளம் எல்லாம் வறுத்தோ வெயிலில் காய்ந்தோ இந்த எல்லையை எட்டியவை. புளிக்காய்ச்சல் வேறு வழியில் அதே பாதுகாப்பைப் பெறுகிறது: தண்ணீர் சுண்டியிருக்கும், அமிலம் கூடுதல், உப்பும் கூடுதல். உடம்புக்கு முடியாத ஒரு வியாழக்கிழமை ராத்திரி, சூடான சோறு, பருப்புப்பொடி, நெய், சுட்ட அப்பளம், ஒரு டம்ளர் மோர் என்று சாப்பாட்டை முடிப்பது குறைவான சமையலே கிடையாது. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரே சாப்பாட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. ஐந்து பதார்த்தம் இருந்தால்தான் சத்து என்று யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம்.

நேற்றைய பருப்பை இன்று புதிதாக்குவது தாளிப்பு. கடுகு, பெருங்காயம், மிளகாய், கறிவேப்பிலை இவற்றின் மணப்பொருள்களில் பல தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. நூறு டிகிரியைத் தாண்டிச் சூடான எண்ணெயில் கடுகின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்க, மணம் எண்ணெயில் இறங்குகிறது. அந்த மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. நேற்றுத் தாளித்தது இன்று மங்கியிருக்கும். அதனால் வெந்த பருப்பைத் தாளிக்காமலே ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும் நாளில் கொதிக்கவிட்டுத் தாளித்துக் கொட்டுங்கள். ரசத்தை நுரை கட்டியதும் இறக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். கொதிக்கக் கொதிக்க மிளகும் சீரகமும் வாசனையை அடுப்படிக் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

நினைவில் வைத்திருப்பது யார்?

கடைசியாக ஒரு கணக்கு. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். குக்கர், கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் வந்த பிறகும் இந்த இடைவெளி இருக்கிறது.

தண்ணீரும் பாக்டீரியாவும் நீராவியும் கூலி கேட்காமல் உழைக்கும். ஆனால் கடலையை ஊறப்போட வேண்டும், பொங்கிய மாவை உள்ளே வைக்க வேண்டும், சோற்றைப் பரப்பி ஆறவைக்க வேண்டும் என்று ஒருவர் நினைவில் வைத்திருந்தால்தான் அவற்றின் உழைப்பு நமக்குப் பயன்படும். அந்த நினைப்பும் ஒரு வேலைதான். பெரும்பாலான வீடுகளில் அது ஒருவர் தலையில் மட்டுமே இருக்கிறது. ஊறப்போடவும் டப்பாவில் அடைக்கவும் சமையல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளையாலும் செய்ய முடியும், அப்பாவாலும் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை மாவு அரைபடும்போதே, அந்த வாரம் எந்த நாள் எந்த வேலை யாருடையது என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். அதில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.